மூட்டைக் கணக்கு

ஐப்பசி மழையை மண் கோர்ட் தாங்காது. பேஸ்லைன் ஓரம் தண்ணீர் கட்டி நிற்கிறது. காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு கரைந்து வடிகால் பக்கம் வெள்ளையாக வழிகிறது. வலையைத் தளர்த்தி விட்டிருக்கிறார்கள். இனி இரண்டு நாள் வெயிலில் காய்ந்து, உருளை ஓட்டினால்தான் ஆட்டம். அது தெரிந்தும் மாலை ஐந்தரைக்கெல்லாம் வழக்கமான ஆட்கள் தகரக் கொட்டகைக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். தஞ்சாவூரில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் சொற்பம். சொற்பமானவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பொழுது போகாது.

2025 அக்டோபர் கடைசி. ஓரத்து பெஞ்சில் நான். மழைக்கு ஒதுங்கியவன் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் ஏதும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். இடது முழங்காலில் நீல உறை. இந்த ஊர்க்காரர்கள் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் பாதி சர்வீஸைக் கழித்தவராம். எல்லோருக்கும் அவர் ‘சார்’. எதிரே ஒரு பல் டாக்டர், கண் போனில், வாய் எங்களிடம். மூலையில் கோச், இங்கே ‘மாஸ்டர்’, ஒரு ராக்கெட்டுக்குக் கட் என்கிற நரம்பு போட்டுக்கொண்டிருக்கிறார். நெடுக்கே பதினாறு இழை முடிந்துவிட்டது. குறுக்கே பத்தொன்பதில் ஏழாவதை மேலும் கீழுமாக நுழைக்கிறார். ஒவ்வொன்றையும் மெஷினில் இழுத்துப் பிடித்ததும் விரலால் ஒரு சுண்டு. சத்தம் சரியில்லை என்றால் தளர்த்தி மறுபடி இழுக்கிறார். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிற ஊரில் இதையும் காதால்தான் செய்வார்கள் போலிருக்கிறது.

நான்காவது ஆள் ஆடுகிறவர் இல்லை. ஒரத்தநாடு பக்கத்து விவசாயி. வேட்டியை மடித்துக் கட்டி, தூணில் சாய்ந்து நிற்கிறார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அவருடைய மகள்தான் கொட்டகைக்குப் பின்னால், கூரை நீண்ட இடத்தில், சிமென்ட் சுவரில் தனியாக அடித்துக்கொண்டிருப்பது. பதின்மூன்று வயதிருக்கும். சுவரில் வலை உயரத்துக்கு ஒரு கோடு. ஈரப் பந்து படும் இடமெல்லாம் வட்டமாகத் தடம் விழுகிறது. தடங்கள் எல்லாம் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. பந்து கனத்துப்போனால் அதைப் பாவாடையில் அழுத்திப் பிழிந்துவிட்டு மறுபடி அடிக்கிறாள்.

பேச்சைத் தொடங்கியது டாக்டர். “வடுவூர்ப் பையனுக்கு இருபத்தஞ்சு லட்சம் சார். பேப்பர்ல பார்த்தீங்களா?”

பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸைச் சொல்கிறார். மன்னார்குடி சாலையில் இருக்கும் வடுவூர் பறவைகளுக்கும் கபடிக்கும் பேர் போன ஊர். அவருக்கும், பெண்கள் அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது.

“கபடிக்காரன் நாட்டுக்கு ஆடினா அரசாங்கம் காசு குடுக்குது. நம்ம டென்னிஸ்காரன் என்னடான்னா நாட்டுக்கு ஆடுறதுக்கே காசு கேக்குறான். அந்த நாகல் கேட்டது ஞாபகம் இருக்கா? அம்பதாயிரம் டாலர்!”

சுமித் நாகல் விவகாரம் அது. 2024 செப்டம்பரில் ஸ்வீடனோடு டேவிஸ் கோப்பை ஆட்டம் ஸ்டாக்ஹோமில். முதுகு வலி என்று நாகல் போகவில்லை. இந்தியா 0-4 என்று தோற்றது. நாட்டுக்கு ஆட ஆண்டுக்கு 50,000 டாலர் கேட்டார் என்று டென்னிஸ் சங்கத்தினர் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். ஊதியம் கேட்பது தொழில்முறை விளையாட்டில் வழக்கம்தான் என்று நாகல் பதில் எழுதினார். அதற்குள் தேசபக்தி இல்லாதவர் என்ற பட்டம் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனபோதும் அவர் போகவில்லை. இஸ்லாமாபாத்தின் புல்தரையில் சென்னை ராம்குமார் ராமநாதனும், இரட்டையர் ஆட்டக்காரரான கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியும் ஒற்றையர் ஆடி ஜெயித்துக் கொடுத்தார்கள்.

“அம்பதாயிரம் டாலர்னா எவ்வளவுங்க வரும்?” என்று கேட்டது தூணோரம் நின்றவர்.

“நாப்பத்திரண்டு லட்சம்.”

அவர் உதடு அசைந்தது. “நாலாயிரத்து எரநூறு மூட்டை.”

டாக்டர் சிரித்தார். விவசாயி சிரிக்கவில்லை. டெல்டாவில் எந்தத் தொகையும் கடைசியில் மூட்டையாகத்தான் மாறும். இந்தப் பருவத்தில் கணக்கும் சுலபம். கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். சாக்குக்கு 40 கிலோ. ஆக மூட்டை ஆயிரம் ரூபாய். மகள் கையில் இருக்கும் ராக்கெட் எத்தனை மூட்டை, கட் மாற்றுவது எத்தனை மூட்டை என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“ஏக்கருக்கு அறுவது மூட்டை வச்சா எழுவது ஏக்கர் மகசூல்” என்றார் மறுபடி. பிறகு கொஞ்சம் பொறுத்து, “அவருக்கு வருசத்துக்குச் செலவு எவ்வளவு ஆவும்?”

இந்தக் கேள்விக்கு மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். “கோச், பிசியோ, டிக்கெட், ஓட்டல் எல்லாம் சேர்த்துக் கோடிக்குப் பக்கத்துல வருதுன்னு அவரே சொல்லியிருக்காரு. 2023-ல பேங்க்ல 900 யூரோதான் மிச்சம்னு சொன்னாரே, நாட்டுல அப்ப அவருதான் நம்பர் ஒன்.”

“அப்ப பத்தாயிரம் மூட்டை செலவு” என்றார் விவசாயி. “மகசூலை எல்லாரும் சொல்றாங்க. சாகுபடிச் செலவை யாரும் சொல்றதில்லைங்க.”

அதற்குள் அவர் போன் அடித்தது. கொள்முதல் நிலையத்தில் அவருடைய குறுவை நெல் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். 22 வரைக்கும் எடுக்கச் சொல்லி டெல்லியை மாநிலம் கேட்டிருக்கிறது, மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. “பொரட்டிப் போடு… மொளை விட்டுரப் போவுது… நான் ஏழு மணிக்கு வந்துர்றேன்” என்று பேசியபடி மழைக்குள் நாலடி நடந்து, நனைவது உறைத்ததும் திரும்பி வந்தார்.

டாக்டர் விடவில்லை. “காசுக்கணக்கு வேற, நாடு வேற சார். கிருஷ்ணன் காசு பார்த்தாரா?”

சார் இதற்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனவர். அதற்கு முன், 1959-ல், ஜாக் கிராமர் என்ற அமெரிக்கர் தன்னுடைய தொழில்முறைக் குழுவில் சேர மூன்று ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகக் கூப்பிட்டார். அப்போது டாலர் நாலே முக்கால் ரூபாய் சொச்சம். ஏழு லட்ச ரூபாய்க்கு மேல். கையெழுத்துப் போட்டால் விம்பிள்டன் கிடையாது, டேவிஸ் கோப்பை கிடையாது. சம்பளத்துக்கு ஆடுகிறவனை அந்தக் காலத்தில் உள்ளே விடமாட்டார்கள். விம்பிள்டன் கதவு அவர்களுக்குத் திறந்தது 1968-ல்தான். கிருஷ்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“அதனாலதான் அறுபத்தாறு வந்துது” என்றார் சார். கல்கத்தாவில் பிரேசிலோடு கடைசி ஆட்டம். தாமஸ் கோக் எதிரே. இரண்டுக்கு ஒன்று செட் பின்தங்கி, நாலாவது செட்டில் 2-5. அங்கிருந்து கிருஷ்ணன் 7-5 என்று அந்த செட்டை எடுத்து, அடுத்ததையும் 6-2 என்று முடித்தார். இந்தியா முதல்தடவையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. சார் அந்த 2-5 ஐச் சொல்லும்போது ஐந்து விரலை விரித்துக் காட்டி, அப்படியே மடக்கினார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பார். கண்ணால் பார்த்தவரைப் போலத்தான் சொன்னார்.

“இதத்தான் சார் நானும் சொல்றேன்” என்றார் டாக்டர்.

“இருங்க. விட்டுக் குடுத்தது அவரு. அவருக்கு நாடு குடுத்தது அர்ஜுனா விருது, பத்மஸ்ரீ, பத்மபூஷண். எல்லாம் பெரிய மரியாதைதான், இல்லேங்கலை. ஆனா பிற்பாடு அவரு மெட்ராஸ்ல கேஸ் ஏஜென்சி நடத்தினாரு. ஒருத்தர் மனசார விட்டதை, பின்னால வர்றவன்லாம் விட்டே ஆகணும்னு சட்டமாக்க முடியுமா?”

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். சார் வேறு வழியாக வந்தார். பொதுப்பணித் துறைக்காரர் புத்தி கடைசியில் வாய்க்காலுக்குத்தான் போகும். “குடிமராமத்து கேள்விப்பட்டிருப்பீங்க. ஆத்துல தண்ணி விடுறதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர் வார ஊர்ல எல்லாரும் ஆள் அனுப்பணும். 1858-ல வெள்ளைக்காரன் அதுக்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். நான் வேலைக்கு வந்தப்ப அது பேச்சளவுல இருந்துது. அப்புறம் 2017-ல அரசாங்கம் பணம் ஒதுக்கித்தான் அதே பேருல திரும்ப ஆரம்பிச்சாங்க. ஏன் நின்னு போச்சு? வாய்க்கால் பொது, வயல் அவனோடது. ரெண்டு வேலையும் ஒரே வாரத்துல வந்து நிக்குது. கூலியும் கிடையாதுன்னா எத்தனை வருசம் வருவான்?”

விவசாயி தலையசைத்தார். டாக்டருக்கு இது பிடிபட்டதாகத் தெரியவில்லை. அவர் குடும்பத்திலும் நிலம் இருந்திருக்கும், விற்றுவிட்டிருப்பார்கள்.

ஒரே வாரம் என்று சார் சொன்னதை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். டேவிஸ் கோப்பை ஆடினால் ரேங்கிங் புள்ளி கிடையாது. 2009-லிருந்து 2015 வரைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், நிறுத்திவிட்டார்கள். ஒலிம்பிக்கிலும் 2016-லிருந்து கிடையாது. முதல் நூறுக்கு வெளியே தள்ளாடுகிற ஆட்டக்காரனுக்கு ஒரு வாரம் புள்ளி இல்லாமல் போவது என்ன என்பதை அவர் விளக்கினார். புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். போன வருடம் இதே வாரம் ஜெயித்தது இந்த வருடம் கழிந்துபோகும். அந்த இடத்தை நிரப்பாவிட்டால் ரேங்க் இறங்கும். ரேங்க் இறங்கினால் பெரிய போட்டியில் நேரடி இடம் போய், தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடவேண்டும். முதல் சுற்றில் தோற்றாலும் வருடச் செலவில் நல்ல பங்கு கிடைக்கிற கிராண்ட் ஸ்லாம் வாய்ப்பு கைவிட்டுப் போகும். களிமண்ணில் ஆடி வந்தவன் டேவிஸ் கோப்பைக்காகப் புல்லுக்கோ உள்ளரங்க சிமென்ட்டுக்கோ மாறி, அடுத்த வாரம் பழையபடி மண்ணுக்குத் திரும்பவும் வேண்டும்.

“அதான் சார் 2013-ல நம்ம டீம்ல சோம்தேவ் செட்டு மொத்தமா டேவிஸ் கோப்பை ஆடமாட்டோம்னுச்சு” என்றார் மாஸ்டர். பரிசுப் பணத்தில் பங்கு, கூடவே பிசியோ, ஒழுங்கான பயணம். அவர்கள் கேட்டது பெரும்பாலும் இவைதான். டெல்லியில் கொரியாவோடு லியாண்டர் பயஸையும் புது ஆட்களையும் வைத்து ஆடி, 1-4 என்று தோற்றார்கள். அந்த ஒன்று பயஸும் பூரவ் ராஜாவும் ஆடிய இரட்டையர்.

“ஆடாம இருக்குறதும் நாட்டுக்காகத்தான்னு ஒரு காலம் இருந்துது” என்று சார் 1974-க்குப் போனார். அப்போது அவர் திருச்சி ஆர்.ஈ.சி. இன்ஜினியரிங் கல்லூரி மாணவர். கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் பூனாவில் சோவியத்தையும் தோற்கடித்து இந்தியா இறுதிக்கு வந்துவிட்டது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகிக்கொண்டது. தென்னாப்பிரிக்கா ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பையை வாங்கிப் போனது. விஜய் அமிர்தராஜுக்கு இருபது வயது. அண்ணன் ஆனந்தும் அணியில். ஜெயித்திருப்போம் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது, ஆனாலும் அந்த முடிவு சரிதான் என்று விஜய் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த இறுதிக்கு வர 1987 ஆயிற்று. அதில் ஸ்வீடன் 5-0.

“ஹாஸ்டல்ல ரேடியோ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். ஆட்டமே இல்லேன்னதும் எங்களுக்குக் கோவம். இப்ப நினைச்சா, சரியாத்தான் பண்ணாங்க.” சார் முழங்கால் உறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த முடிவு நாட்டினுடையது, போன காலம் அந்தப் பையன்களுடையது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது.

மாஸ்டர் கட் போட்டு முடித்துக் கடைசி முடிச்சை இறுக்கிக் கத்தரித்தார். “பாப்பா!” என்று கூப்பிட்டார். அந்தப் பெண் வந்து ராக்கெட்டை வாங்கி, உள்ளங்கைக் குழிவால் கட்டைத் தட்டிப் பார்த்தாள். முகத்தில் திருப்தி.

அப்போதுதான் தெரிந்தது, இந்த மழையில் அவளுடைய அப்பா வந்து நிற்பது எதற்கு என்று. அடுத்த மாதம் இரண்டு போட்டி ஒரே தேதியில். ஒன்று பள்ளிகளுக்கான மாநிலப் போட்டி. தஞ்சாவூர் மாவட்ட அணியில் இவளுக்கு இடம். மற்றது பெங்களூரில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான அகில இந்திய ரேங்கிங் போட்டி, சாம்பியன்ஷிப் சீரிஸ். போன மாதமே பெயர் கொடுத்தாயிற்று. விலகுவதானால் இன்றைக்குள் மெயில் போட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

“ரேங்கிங்தான் போகணும்” என்றார் மாஸ்டர். “ஸ்கூல் மேட்ச்ல ஆட்டமே இருக்காது. புள்ளியும் வராது.”

“சர்ட்டிபிகேட் வருதுல்ல மாஸ்டர்” என்றார் அப்பா. மாவட்டத்துக்கு ஆடிய சான்றிதழ், மாநிலத்துக்கு ஆடிய சான்றிதழ் என்று படியேறினால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், அரசு வேலையில் மூன்று சதவீத ஒதுக்கீடு. லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ஓடி ஓடி ராணுவத்தில் நிலைத்ததும், வடுவூர்ப் பையன்கள் காவல் துறைக்கும் ரயில்வேக்கும் போவதும் அவர் கண்ணால் பார்த்த உண்மை. ரேங்கிங் புள்ளி எந்த அலுவலகத்திலும் செல்லாது. பெங்களூர் போய்வர இருபத்தைந்து மூட்டை ஆகும். மாநிலப் போட்டிக்கு மாவட்ட அணியோடு போய் அணியோடு வந்துவிடலாம்.

டாக்டருக்கும் இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். டெல்டாக் கிராமத்துக் குடும்பத்துக்கு ஊர்ப் பெயரைத் தாங்கி ஆடுவதுதான் பிழைப்பு, தனக்காக ஆடுவதுதான் ஆடம்பரம். மேலே போகப் போக எந்த இடத்தில் இது புரண்டு, நாட்டுக்கு ஆடுவது செலவாகவும் தனக்கு ஆடுவது பிழைப்பாகவும் மாறுகிறது? நாகல் அந்த இடத்தைத் தாண்டியவர். காசு கேட்டால் குற்றமா என்று கேட்கிறவர்களும், கேட்கலாமா என்று கேட்கிறவர்களும் ஏணியின் இரு கோடியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“அவளைக் கேளுங்களேன்” என்றார் சார்.

பெண் அப்பாவைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். “டிஸ்ட்ரிக்ட் டீம்ல பனியனுக்குப் பின்னாடி தஞ்சாவூர்னு போடுவாங்களா மாஸ்டர்?”

“போடுவாங்க.”

“அப்ப அதுக்குப் போறேன்.”

டாக்டர் கைதட்டினார். மாஸ்டர் முகம் விழுந்துவிட்டது, ஆனால் மறுப்புச் சொல்லவில்லை. சார் மட்டும், “போன மாசம் சுவிட்சர்லாந்துல மதுரைப் பையன் ஆடினான் பார், அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார். செப்டம்பரில் பீல் நகரில் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் டேவிஸ் கோப்பைக்கு முதல்தடவையாக இறங்கினார். உலக வரிசையில் 626. எதிரே 155-இல் இருந்த ஜெரோம் கிம். 7-6, 6-3 என்று ஜெயித்தார். அதே அணியில் இருந்த நாகல் தன் இரண்டு ஒற்றையர் ஆட்டத்தையும் ஜெயித்து 3-1 என்று முடித்துவைத்தார். ஐரோப்பிய மண்ணில் ஐரோப்பிய அணி ஒன்றை இந்தியா தோற்கடித்தது 1993-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. முந்தைய ஆண்டு தேசபக்தி இல்லாதவர் என்று பேர் வாங்கியவர் அதே நாகல்தான். நீக்குப்போக்காகப் பேசி ஒரு வழிக்கு வந்தால் ஆடக்கூடியவர்தான் என்று இதற்குப் பொருள். ஸ்டாக்ஹோமுக்கு முன்பே பேசியிருக்கலாம்.

மாஸ்டர் போனை எடுத்துப் பெங்களூருக்கு விலகல் மெயில் எழுதினார். அப்பா வேட்டியை இறக்கிவிட்டு, பெண்ணின் ராக்கெட் பையைத் தன் தோளில் மாட்டி, அதன்மேல் பாலிதீன் பையைக் கவிழ்த்தார். கொள்முதல் நிலையத்தில் அவருடைய டோக்கன் வர இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள்.

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்ன வீரர் நாட்டுக்கு ஆட இவ்வளவு கேட்டார் என்று அடுத்தமுறை போடும்போது, அவருடைய ஆண்டுச் செலவையும் பக்கத்திலேயே போடுங்கள்.